இரண்டாவது நம்பர்

செஞ்சி
5.9.2024

அன்புள்ள ராஜாம்பாளுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. உன் வீட்டுக்காரர் ஜெயராமன் போனுக்கு ஐந்து நாளாக அடித்துக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டு நாள் மணி அடித்து ஓய்ந்தது. இப்போது மணியே அடிப்பதில்லை. திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுத் தளவானூருக்கே வந்தேன். உன் வீட்டுக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. உள்ளே மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. அரைமணி நேரம் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அதனால்தான் கடிதம்.

சனிக்கிழமை நூலகத்தில் அத்தனை பேர் முன்னால் நீ சத்தம் போட்டபோது என்னால் வாய் திறக்க முடியவில்லை. சுவாதி உன் பின்னால் சுவரைப் பார்த்தபடி நின்றாள். நடந்ததை இப்போதாவது முறையாகச் சொல்கிறேன். சுவாதிக்கு அரசு நர்சிங் கல்லூரியில் இடம் ஒதுக்கியிருப்பதாக வியாழக்கிழமை என் போனுக்கு மெசேஜ் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் போய்ச் சம்மதம் என்று அழுத்தியிருக்க வேண்டும். அழுத்தாததால் இடம் ரத்தாகிவிட்டது. அந்த இரண்டு நாளும் சர்வர் சரியாக வேலை செய்யவில்லை. வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு வார விடுமுறை என்பது உனக்கே தெரியும். கம்ப்யூட்டர் நூலகத்துக்குள்ளே பூட்டிக் கிடந்தது.

மேலிடத்துக்கு மெயில் அனுப்பியிருக்கிறேன். இடம் ஏதாவது மீதம் இருந்தால் இரண்டாம் சுற்றில் பார்க்கலாம் என்கிறார்கள். மனதைத் தளர விடாதே.

மாஹிரா

*

தளவானூர்
11.9.2024

நூலகர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தது நான்தான். நீங்கள் வாசலில் நின்றதும் தெரியும்.

சர்வர் சரியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதே வியாழக்கிழமை, அதே சர்வரில், உங்கள் பெண் ஷிபாவுக்கு மட்டும் எப்படிச் சம்மதம் போய்ச் சேர்ந்தது? ஷிபாவும் சுவாதியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பிள்ளைகள். ரெண்டு பேருக்கும் ஒரே நாளில் விண்ணப்பம் போட்டீர்கள். ரெண்டுக்கும் உங்கள் நம்பரைத்தான் கொடுத்தீர்கள். என் வீட்டில் இருக்கிற ஒரே போன் அவரோடு லாரியில் ஆந்திரா போய்விடும் என்பதால், "என் நம்பரைப் போட்டுக்கறேன் ராஜாம்பா, என்கிட்ட வந்தா உன்கிட்ட வந்த மாதிரிதான்" என்று சொன்னீர்கள். நானும் நம்பினேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். அந்த வியாழக்கிழமை சாயங்காலம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? என் வீட்டில். ஷிபாவுக்குச் சீட்டு கிடைத்த சந்தோஷத்தில், ரவையும் கோவாவும் போட்டு நீங்களே செய்த தம்ரூட்டை டப்பாவில் எடுத்துக்கொண்டு வந்தீர்கள். சுவாதி ரெண்டு துண்டு சாப்பிட்டாள். "ஷிபாவுக்கு வந்துருச்சா, அப்ப எனக்கும் ரெண்டு நாள்ல வந்துடும்மா" என்று குதித்தாள். உங்கள் பை எங்கள் வீட்டு ஆணியில் மாட்டியிருந்தது. அந்தப் பைக்குள் போன். போனுக்குள் என் பெண்ணின் மெசேஜ். ஒரு கை தூரம்.

அவர் போனிலிருந்து உங்கள் நம்பரை அழிக்கச் சொல்லிவிட்டேன். உங்களுக்கு மேலே இருக்கிற அதிகாரிக்கு மனு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பத்தாவது வரைக்கும்தான் படித்தேன் என்றாலும் பதினைந்து வருஷம் உங்கள் லைப்ரரியில் புத்தகம் எடுத்துப் படித்தவள். மனு எழுத யாரிடமும் போக வேண்டியிருக்கவில்லை.

ரா. ராஜாம்பாள்

*

செஞ்சி
24.9.2024

ராஜாம்பாளுக்கு,

உன் மனுவின் நகல் என் மேசைக்கு வந்துவிட்டது. பதினைந்து நாளில் எழுத்து மூலம் விளக்கம் தரச் சொல்லியிருக்கிறார்கள். நன்றாக எழுதியிருக்கிறாய். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

எனக்கும் கோபம் வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் வேலை புத்தகத்துக்கு நம்பர் போடுவது, பதிவேட்டில் ஏற்றுவது, பேப்பரை மேசையில் பரப்புவது. இன்றைக்குக் கதவைத் திறந்தால் புத்தகம் கேட்டு வருகிறவர் நாலு பேர். மற்றவர்கள் எல்லாம், "மேடம், ஆதார்ல பேரு தப்பா இருக்குது", "மேடம், ஆயாவுக்குப் பென்ஷன் நின்னுபோச்சு, இன்னான்னு பாருங்க", "மேடம், ஓ.டி.பி. வந்துச்சா". இதைச் செய் என்று எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை. செய்யாதே என்றும் சொல்லவில்லை. ரெண்டு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள், ஜனம் வந்து நின்றது, நான் செய்தேன்.

பெண் பிள்ளைகள் கையில் எந்த வீட்டில் போன் கொடுக்கிறார்கள்? அண்ணன் நம்பரைக் கொடுத்தால் அவன் மூன்றாம் மாசம் சிம்மை மாற்றிவிடுகிறான். அதனால்தான் என் நம்பர். மேசை டிராயரில் இருக்கிற நீல நோட்டில் நாற்பத்தொரு பிள்ளைகள் பெயரும், விண்ணப்ப எண்ணும், பாஸ்வேர்டும் இருக்கின்றன. நாற்பது பேருக்கு எல்லாம் சரியாக நடந்தது. அந்த நாற்பது வீட்டிலிருந்து யாரும் எனக்காக ஒரு மனு எழுதவில்லை.

சர்வரைப் பற்றி நான் எழுதியது பாதி உண்மைதான். வியாழக்கிழமை மூன்றே முக்காலுக்கு ரெண்டு மெசேஜ் அடுத்தடுத்து வந்தன. முதலாவதைத் திறந்தேன், ஷிபாவின் எண். அடுத்ததும் அதுவே மறுபடி வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டேன். எப்போதும் அப்படித்தான் ரெண்டு தடவை வரும். பெயர் போட்டு வருவதில்லை, எண் மட்டும்தான். இது வேண்டுமென்று செய்தது இல்லை. என் பெண்ணை முன்னால் தள்ளி உன் பெண்ணைப் பின்னால் இழுத்தேன் என்று நீ எழுதியிருப்பது பொய். அல்லாஹ் அறிய அது பொய்.

மாஹிரா

*

தளவானூர்
14.10.2024

நூலகர் அவர்களுக்கு,

முதலில் சர்வர். இப்போது ரெண்டு தடவை வந்த மெசேஜ். அடுத்த கடிதத்தில் வேறு ஒன்று வரும் என்று நினைக்கிறேன்.

நாற்பது பேருக்குச் சரியாக நடந்தது என்று கணக்கு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இருப்பது ஒரே பெண்.

ரெண்டாம் சுற்றிலும் ஒன்றும் வரவில்லை. சுவாதி போன திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனி. நம்ம சுத்துப்பட்டு ஊர்களிலிருந்து பதினோரு பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என்ன வேலை தெரியுமா? போன் செய்கிற வேலை. நாள் முழுக்கப் போனுக்குள் ஏதோ ஒரு சின்ன ஸ்குரூவைப் போடுகிறாளாம். அவளிடம் சொந்தமாகப் போன் கிடையாது.

"அடுத்த வருஷம் திரும்ப விண்ணப்பம் போடலாம்டி" என்றேன். "எதுக்கு? வந்தா யாரு பாக்கப் போறாங்க?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அவள் நைனாவும் "சம்பாரிக்கிறா, விடு" என்கிறார். ப்ளஸ் டூவில் உயிரியலுக்கு அவள் வாங்கின மார்க்கை அவர் மே மாசம் டீக்கடையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

எனக்கு உங்கள் விளக்கம் எதுவும் வேண்டாம்.

ராஜாம்பாள்

*

செஞ்சி
17.12.2024

ராஜாம்பாளுக்கு,

புயல் மழையில் உங்கள் பக்கம் நெல் எல்லாம் சாய்ந்துவிட்டது என்று அவலூர்பேட்டைக்காரர் ஒருவர் சொன்னார். வீடு நனைந்ததா? இங்கே நூலகத்தில் ஒழுகி, கீழ் அடுக்குப் புத்தகங்கள் எல்லாம் ஊறிவிட்டன. நாலு நாளாக ஃபேனுக்குக் கீழே விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு நேரம் நிறைய இருக்கிறது. நூலகப் பணியாளர்கள் வாசகர்களுக்காக இணைய விண்ணப்பம் எதையும் பூர்த்தி செய்யக் கூடாது, தங்கள் கைபேசி எண்ணைக் கொடுக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது. கதவில் ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் பேப்பரைப் பார்க்கிறேன்.

இன்னொரு விளக்கம் வேண்டாம் என்றாய். இது விளக்கம் இல்லை. விசாரணைக்கு எழுதிக் கொடுத்ததில் இதை நான் எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மெசேஜ் ரெண்டு தடவை வந்தது என்று நான் முதலில் நினைத்தது உண்மை. உன் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்த வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில், சுவாதி குதித்தது ஞாபகம் வந்தது. அப்போது ஒரு நினைப்பு ஓடியது. அந்த ரெண்டாவது மெசேஜ் சுவாதியுடையதாக இருக்குமோ? போனை எடுத்துப் பார்த்தேன். எண் வேறு மாதிரி இருந்தது. கடைசி நாலு இலக்கம் வேறு. அது சுவாதியின் எண்தானா என்பது நோட்டைப் பார்த்தால்தான் தெரியும். நோட்டு நூலகத்தில். சாவி என் பையில்.

நூலகம் பஸ் நிலையத்திலிருந்து நடந்தால் ஐந்து நிமிஷம். போகவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் ஷிபாவுக்கு வாழ்த்துச் சொல்லச் சொந்தக்காரர்கள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பிரியாணி போட்டோம். மதியம் ஒரு தடவை மறுபடி நினைப்பு வந்தது. வீடு முழுக்க ஆள், எப்படிக் கிளம்புவது என்று உட்கார்ந்துவிட்டேன். ஐந்து மணிக்குக் கெடு என்பது எனக்குத் தெரியும், ஷிபாவுக்கு நான்தானே அழுத்தினேன். தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன்.

நான் மறக்கவில்லை ராஜாம்பா. நினைத்தேன். ரெண்டு தடவை நினைத்தேன். என் வீட்டுச் சந்தோஷத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போக எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

இதை ஷிபாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் ஹாஸ்டலிலிருந்து என்னிடம் பேசி ஒரு மாசம் ஆகிறது.

மாஹிரா

*

தளவானூர்
20.1.2025

மாஹிரா மேடத்துக்கு,

உங்கள் கடிதத்தை வாங்கி ஒரு மாசம் வைத்திருந்தேன். பதில் போடக் கூடாது என்றுதான் இருந்தேன்.

மூன்று கடிதத்தில் மூன்று காரணம் எழுதினீர்கள். கடைசியில் எழுதியதுதான் உண்மை என்று தெரிகிறது. அதை நீங்கள் எழுதியே இருக்க வேண்டியதில்லை. எனக்கு எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது. இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்ததால் கோபம் குறையவில்லை, கூடித்தான் போனது. பிரியாணி என்ற வார்த்தையைப் படித்ததும் கடிதத்தைச் சுருட்டி அடுப்பில் போடப் போனேன். ஏன் போடவில்லை என்று எனக்கே தெரியவில்லை. அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் செஞ்சியிலிருந்து முன்னி என்று ஒரு அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். தையல் மெஷின் வைத்திருக்கிறாளாம். முகம் பார்த்த ஞாபகம் இருந்தது. அவள் பெண்ணுக்கு உதவித்தொகை விண்ணப்பத்தைப் புதுப்பிக்க வேண்டுமாம். லைப்ரரிக்குப் போனால் நீங்கள் கதவில் ஒட்டின பேப்பரைக் காட்டினீர்களாம். வெளியே கடையில் போட்டதில் அப்பா பேரைத் தப்பாக அடித்து, விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டதாம். "நீ மனு எழுதினியாமே, அதனாலதான் இப்புடி ஆயிப்போச்சு. வாபஸ் வாங்கும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கையை உதறிவிட்டேன். "என் பொண்ணு ஸ்குரூ போட்டுனு கீறா, அதுக்கு யாரு வாபஸ் வாங்குவாங்க?" என்று கேட்டேன்.

அவள் போனபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் எழுதினது உங்களைத் தண்டிக்கச் சொல்லித்தான். யாருக்கும் ஒன்றும் செய்யக் கூடாது என்று எழுதவில்லை. என் மனுவில் அந்த மாதிரி ஒரு வரி கிடையாது. நகல் வைத்திருக்கிறேன்.

வாபஸ் மட்டும் வாங்க மாட்டேன்.

ராஜாம்பாள்

*

செஞ்சி
18.3.2025

ராஜாம்பாளுக்கு,

வாபஸ் வாங்க வேண்டாம். நான் கேட்கவும் மாட்டேன். மனுவில் எழுதியிருப்பதை எல்லாம் ஒப்புக்கொண்டு, உன்னிடம் சொன்னதையும் சேர்த்து, மறுபடி ஒரு விளக்கம் அனுப்பிவிட்டேன். "நீங்களாவே ஏன் மேடம் மாட்டிக்கறீங்க" என்று அலுவலகத்துக்காரர் போனில் திட்டினார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று என் பணிப் பதிவேட்டில் ஏறிவிட்டது. அது இருக்கட்டும்.

முன்னியை நான் திருப்பி அனுப்பினது உண்மை. அவள் படியிறங்கிப் போனதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் உத்தரவை மறுபடி எடுத்துப் படித்தேன். பணியாளர் பூர்த்தி செய்யக் கூடாது என்றுதான் இருக்கிறது. பக்கத்தில் நிற்கக் கூடாது என்று இல்லை. முன்னியைக் கூப்பிட்டு அனுப்பினேன். வீட்டில் இருக்கிற போனை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். அவளும் மகளுமாக உட்கார்ந்து அடித்தார்கள். நான் மவுஸைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். நான் ஏழு நிமிஷத்தில் முடிக்கிற விண்ணப்பத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ஓ.டி.பி. அவள் போனுக்கே வந்தபோது, "மேடம், இது எனக்கா வந்துக்குது?" என்று ரெண்டு தடவை கேட்டாள்.

இப்போது ஒரு நாளைக்கு நாலைந்து பேருக்குத்தான் நேரம் இருக்கிறது. முன்பு முப்பது பேருக்குச் செய்தேன். மீதிப் பேர் என்னைத் திட்டிவிட்டுப் போகிறார்கள். திட்டுவதில் நியாயம் இருக்கிறது. இந்த வழி நல்ல வழியா என்று எனக்கே முழுசாகத் தெரியவில்லை. ஆனால் இனி யாருடைய சீட்டும் என் பைக்குள் இருக்காது.

நீல நோட்டைக் கிழித்துவிட்டேன். ஒவ்வொரு பிள்ளையையும் வரவழைத்து அவரவர் பக்கத்தை அவரவர் கையில் கொடுத்து, பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன். ஒரு பக்கம் மட்டும் மிச்சம் இருந்தது. இதோடு வைத்திருக்கிறேன். மேலே இருப்பது என் கையெழுத்து. கடைசி வரி சுவாதியுடையது. அவள் இப்படி ஒன்று எழுதி வைத்திருந்தது எனக்கு இத்தனை நாள் தெரியாது. "மெசேஜ் வந்தால் உடனே சொல்லவும் மேடம். நான் தூங்க மாட்டேன்" என்று எழுதியிருக்கிறாள். நான் எத்தனை தடவை படித்தேன் என்று உன்னிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது.

இந்த வருஷ விண்ணப்பம் ஜூனில் திறக்கும். அவளுடைய மார்க் அப்படியே செல்லும். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

மாஹிரா

*

தளவானூர்
22.6.2025

மாஹிரா அக்காவுக்கு,

பழைய மாதிரி அக்கா என்று எழுதியிருப்பதைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மேடம் என்று எழுத எனக்குச் சரிப்பட்டு வரவில்லை, அவ்வளவுதான்.

ரெண்டாவதாக ஒரு மனு எழுதியிருக்கிறேன். முதல் மனுவில் எழுதியது எல்லாம் உண்மை, அதிலிருந்து ஒரு எழுத்தையும் மாற்றவில்லை என்று ஆரம்பித்திருக்கிறேன். ஆனால் விண்ணப்பம் போட வருகிறவர்களுக்கு உதவ லைப்ரரியில் இன்னும் ஒரு ஆள் வேண்டும், வெள்ளிக்கிழமை கெடு வருகிற நாளில் மட்டுமாவது கதவைத் திறக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். முன்னி கையெழுத்துப் போட்டாள். எங்கள் தெருவில் ஆறு பேர் போட்டார்கள். பதில் வரவில்லை. வரும் என்றும் தோன்றவில்லை. விட மாட்டேன், மூன்றாவதும் எழுதுவேன்.

சுவாதி போன வாரம் நாலு நாள் லீவில் வந்தாள். இளைத்துவிட்டாள். ஆளே மாறின மாதிரி இருக்கிறாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள். அவள் சம்பளத்தில் அவளுக்கு ஒரு போனும் எனக்கு ஒரு போனும் வாங்கி வந்தாள். கூட வேலை செய்கிற பெண்ணின் போனில் ஷிபா அவளிடம் அடிக்கடி பேசுகிறாளாம். எனக்கு இத்தனை நாள் தெரியாது. என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன், சொல்லவில்லை.

நீங்கள் அனுப்பின பக்கத்தை மூன்று மாசமாக அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். கொடுப்பதா வேண்டாமா என்று புரியவில்லை. லீவு முடிந்து கிளம்பப் போகிற நாள் காலையில் எடுத்துக் கொடுத்துவிட்டேன். படித்தாள். மடித்தாள். போய்த் துணி துவைத்தாள். நான் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். கொடியில் துணியைக் காயப் போட்டுவிட்டு வந்து, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "எம்மா, சைட்டு தொறந்துட்டானாம்" என்றாள்.

டவர் கிடைக்கிற இடமாகப் பார்த்து வாசற்படியில் உட்கார்ந்தோம். அவளே அடித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியும் சத்தமாகப் படித்தேன். பெயர், பிறந்த தேதி, மார்க். கைபேசி எண் என்று கேட்டது. அவள் நம்பரைப் போட்டாள்.

அதற்குக் கீழே இன்னொரு கட்டம் இருந்தது. இரண்டாவது கைபேசி எண். என் புது நம்பரைச் சொன்னேன். அவள் போடவில்லை. "ஒனக்கு மெசேஜ் வந்தா நீ இன்னா பண்ணுவ? எனக்குத்தான் போன் பண்ணுவ. நான் ஷிஃப்ட்ல இருப்பேன், போனு லாக்கர்ல இருக்கும். கெடு முடிஞ்சுரும்" என்றாள். "அப்ப யாரு நம்பரு?" என்றேன். "லைப்ரரி மேடம் நம்பரு சொல்லு" என்றாள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அப்படி ஒரு கோபம். "உனக்குப் புத்தி இருக்குதாடி? பட்டது போதாதா?" என்று கத்தினேன். அவள் தலையைத் தூக்கவே இல்லை. "அந்தம்மா இனிமே மறக்காது. மத்தவங்க யாரா இருந்தாலும் மறந்துருவாங்க" என்றாள்.

அந்தக் கட்டத்தை அப்படியே வெறுமனே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் போனில் உங்கள் நம்பர் இல்லை, நான்தான் போன வருஷமே அழிக்கச் சொன்னேன். உத்தரவில் உங்கள் நம்பரைக் கொடுக்கக் கூடாது என்று இருக்கிறதே என்றேன். "அவங்கதான் குடுக்கக் கூடாது. நான் போடக் கூடாதுன்னு இல்லியே" என்றாள்.

பத்து நம்பரையும் நான்தான் சொன்னேன் அக்கா. ஒன்றுகூடத் தடுமாறாமல் வந்தது.

என் புது நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். மெசேஜ் வந்தால் கடிதம் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். போன் பண்ணுங்கள்.

ராஜாம்பாள்